வலியெண் பூஜ்யம்

அழாத பிள்ளையைப் பெற்றவள் என்று அந்தக் காலனியில் தன்ஷிகாவுக்குப் பெயர். தடுப்பூசி போட்ட அன்றைக்கும் மகள் மிளிர் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பல் முளைத்தபோது ஒரு சிணுங்கல் இல்லை. நடக்கப் பழகிய புதிதில் வாசற்படியில் விழுந்து நெற்றி பிளந்தது. ரத்தம் புருவத்தைத் தாண்டி வழிய வழிய, அதை விரலால் தொட்டுச் சுவரில் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

"உனக்கென்ன, குடுத்து வெச்சவ" என்றாள் எதிர்வீட்டு ஷர்மி. அவள் மகனுக்கு அப்போது காதுவலி. அவன் போட்ட சத்தத்தில் தெருநாய்கூட இடம் மாறியிருந்தது. "எனக்கும் இருக்குதே ஒண்ணு. கொசு கடிச்சா ஊரைக் கூட்டுது."

தன்ஷிகா சிரித்து வைத்தாள். மிளிர் ஒருமுறை தன் நாக்கு நுனியைத் தானே கடித்துத் துப்பியதையும், அடுப்புத் திட்டில் கையை ஊன்றிக்கொண்டு தீய்கிற வாசனை வரும்வரை கதை பேசிக்கொண்டிருந்ததையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, 'நீ என்ன பண்ணிட்டிருந்தே?' என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை அவளே தன்னிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த ஒவ்வொரு பனியனையும், அதாவது பீஸை, மேசையில் விரித்து, கழுத்தில் தொடங்க வேண்டும். பிறகு தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு. அப்புறம் உள்பக்கம் திருப்பி மறுபடி கழுத்து. வரிசை மாறினால் ஓட்டை கண்ணில் படாமல் போய்விடும். வேலை முடிந்து வந்ததும் மகளையும் அதே வரிசையில்தான் பார்ப்பாள். கழுத்து, காது மடல், கண் இமை, வாய்க்குள், தோள், விரல் இடுக்கு, முழங்கால், பாதம். பிறகு குப்புறப் போட்டு மறுபடி கழுத்து. மிளிருக்கு அது தினசரி விளையாட்டு.

"செக்கிங் அக்கா, பீஸ் ஓகேவா?"

"ஓகே. பேக் பண்ணலாம்."

துண்டில் சுருட்டித் தூக்குவாள். நாலு அடி நடப்பதற்குள் சந்தேகம் வந்துவிடும். இடது குதிகாலைப் பார்த்தோமா? பார்த்ததாகத்தான் நினைவு. இருந்தாலும் பிரித்து மறுபடி கழுத்திலிருந்து தொடங்குவாள். மிளிர் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி கேட்பாள்: "பீஸ் ஓகேவா?"

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் பீஸ் ஓகே இல்லை.

இடது கணுக்காலில் எலும்பு முண்டு சரியாகத் தெரியவில்லை. வீக்கம் என்று சொல்லிவிட முடியாது. வலது காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்கையை வைத்தாள். இடது கொஞ்சம் சூடு. அல்லது அப்படித் தோன்றியது.

"ஏதாச்சும் தெரியுதா கண்ணு?"

"தெரியுதும்மா. உன்ற கை."

*

தன்ஷிகா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் காப்பு வந்தது. அரசாங்க ஏட்டில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஜனங்களுக்கு அது காப்புதான். நோயாளியின் பிடரியில் பொட்டு அளவில் ஒரு வில்லையை ஒட்டுவார்கள். டாக்டரின் மணிக்கட்டில் இரும்பு நிறத்தில் ஒரு காப்பு. இரண்டிலும் பச்சைப் புள்ளி எரிந்தால், நோயாளியின் வலி அப்படியே டாக்டரின் உடம்பில், அதே இடத்தில், அதே அளவில் எழும். அவர் அதைத் தாங்கிப் பார்த்துவிட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு வலியெண் என்று பெயர். எந்திரம் அளக்காது. உணர்ந்த டாக்டரின் வாய்ச்சொல்தான் அளவு. ஸ்கேன், படுக்கை, ஆபரேஷன், எல்லாக் கதவையும் அந்த எண்தான் திறந்தது.

அதனால் நடந்த நல்லதை யாரும் மறுக்க முடியாது. பேச்சு வராதவர்கள், பாஷை தெரியாமல் வடக்கிலிருந்து வந்து தறியில் நிற்பவர்கள், எங்கே வலிக்கிறது என்று சொல்லக் கூசுகிற பெண்கள், யாரும் இனிக் கெஞ்ச வேண்டியதில்லை. தன்ஷிகாவின் அம்மாவுக்கு வருடக்கணக்கில் 'கேஸ் டிரபிள்' என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். காப்பு வந்த வருடம் ஒரு டாக்டர் அதைப் போட்டுக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி நாற்காலியிலிருந்து சரிந்து, "உடனே தியேட்டர்!" என்று கத்தினார். அம்மா பிழைத்தாள். காப்பு பொய் சொல்லாது என்று அந்த வீட்டில் சாமி மேல் சத்தியம் செய்வதுபோல் சொல்வார்கள். தன்ஷிகாவும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தாள்.

முன்பெல்லாம் டாக்டர்கள் கேள்வி கேட்பார்களாம். எப்போதிலிருந்து, எந்த நேரத்தில், சாப்பிட்ட பிறகா, முன்பா என்று. இப்போது அதற்குத் தேவையில்லை. உள்ளே போகலாம், ஒட்டலாம், எண்ணைக் கேட்டுக்கொண்டு வரலாம்.

மிளிரை முதலில் கொண்டுபோய்க் காட்டிய திருப்பூர் டாக்டர் காப்பைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது.

"ஒண்ணுமே இல்லீங்க" என்றார். "பூஜ்யம். சுத்தமான பூஜ்யம்."

"கணுக்கால் மட்டும் ஒருக்கா பாருங்க சார்."

"காலும் எனக்குத் தெரியுதுங்க. ஒண்ணும் இல்ல." சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் ஒரு நிமிஷம் போட்டுக்கட்டுங்களா? காலையில இருந்து மூட்டு வலி, தலைவலி, கல்லடைப்புன்னு வரிசையா வாங்கியாச்சு. இந்தக் குழந்தைகிட்ட அப்படியே குளத்தங்கரையில உக்காந்த மாதிரி இருக்குது."

மகளின் மௌனத்தில் ஒரு மனிதர் இளைப்பாறுவதைத் தன்ஷிகா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு பார்த்த டாக்டர்களும் பூஜ்யம்தான் சொன்னார்கள். ஒருவர், அம்மாவுக்கு மனநல ஆலோசனை தேவைப்படலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். கணவன் கவின்ராஜ் உடுமலைப் பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்குகிற வேலையில் இருந்தான். வாரக் கடைசியில்தான் வருவான். போனில் அவன் குரலுக்குப் பின்னால் எப்போதும் காற்று.

"இத்தன டாக்டரும் பொய்யா சொல்றாங்க, தன்ஷி?"

"பொய்யின்னு நான் சொல்லலீங் மாமா."

"அப்பறம் என்னதான் சொல்றே?"

"வலது காலை விட இடது கால் சூடா இருக்குதுங்க."

"உன்ற கைதான் தெர்மாமீட்டரா?" காற்று கொஞ்சம் இரைந்தது. "ஊர்ல எல்லாரும் புள்ளைக்கு நோவு தீரோணும்னு ஆசுபத்திரிக்குப் போவாங்க. நோவு வேணும்னு அலையற ஒரே அம்மா நீதான்."

அவன் கோபத்தில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னான். அதனால்தான் அது உள்ளே போய்த் தங்கிவிட்டது. உண்மையும் அதுதானே? டாக்டர் காப்பைப் போடும் ஒவ்வொரு தடவையும் அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டது, வலிக்கட்டும் என்றுதான்.

கோயம்புத்தூரில் ஒரு இளம் டாக்டரம்மா மட்டும் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பேசினார்.

"உங்க பொண்ணுக்கு என்னன்னு எனக்குத் தெரியும்ங்க. வலியைக் கொண்டுபோற நரம்பு பிறவியிலேயே வேலை செய்யல. கோடியில சில பேருக்குத்தான் வரும். பாடத்துல ஒரு பக்கம் உண்டு."

"அப்ப ஸ்கேன் எழுதிக் குடுங்க மேடம்."

"பூஜ்யத்துக்கு எழுதினா சிஸ்டம் திருப்பி அனுப்பிரும். நானா ஒரு எண்ணைக் கூட்டிச் சொன்னா என் காப்பைப் பிடுங்கிருவாங்க. அப்பறம் நான் டாக்டரே இல்ல."

"தொட்டாச்சும் பாருங்களேன்."

டாக்டரம்மா தயங்கித் தயங்கி விரல் நுனியை மட்டும் வைத்தார். புதுத் துணியில் சாயம் ஒட்டுமா என்று பார்ப்பவர் மாதிரி. "சூடாத்தான் இருக்கு. இல்ல, என் கையே சில்லுன்னு இருக்குதா? தெரியலீங்க. எங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கல." அவர் முகம் சிவந்துவிட்டது. பிறகு சொன்னார்: "கோபியத் தாண்டி, அணைக்குப் போற வழியில ஒரு சின்ன ஆசுபத்திரி. ரேணுகாதேவின்னு ஒருத்தங்க. எப்பவும் பெரிய வலியில இருக்கற குழந்தைங்களை நாங்க யாரும் அடிக்கடி எடுக்கறதில்லீங்க. ஒருத்தரைப் பாத்தா எங்களுக்கு ரெண்டு நாள் எந்திரிக்க முடியாது. அவங்க எல்லாரையும் எடுக்கறாங்க. எவ்வளவு வலி வந்தாலும் முகத்துல ஒண்ணும் தெரியாதாம். கல்லு டாக்டர்னே பேரு."

"இவளுக்கு வலியே இல்லீங்களே மேடம். அவங்க மட்டும் என்ன சொல்லப் போறாங்க?"

"போய்த்தான் பாருங்களேன்" என்று டாக்டரம்மா ஒரு சீட்டில் வழியை எழுதி நீட்டினார்.

*

பஸ்ஸில் மிளிர் ஜன்னலோரம். கணுக்கால் இப்போது யார் கண்ணுக்கும் தெரிகிற அளவுக்குக் கனத்திருந்தது. அவளோ அதே காலால் முன்சீட்டைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள். தன்ஷிகா அந்தக் காலைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"அம்மா, வலின்னா எப்படி இருக்கும்? கூச்சம் காட்டுனா வருமே, அப்படியா?"

"அப்படி இல்ல சாமி."

"பின்ன?"

புளியம்பட்டி தாண்டிப் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. தன்ஷிகாவின் கீழ்த் தாடையில், வலது கடைவாய்ப் பல்லிலிருந்து ஒரு மின்னல் கிளம்பிக் காது வரை போய்க் கண்ணைத் தொட்டது. அந்தப் பல் சொத்தையாகி மாதக்கணக்கில் ஆகியிருந்தது. காட்ட நேரமில்லை. ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டே நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது அந்த யோசனை வந்திருந்தது. குழந்தைகளின் பிடரியில் வில்லையை ஒட்டுவது யார்? நர்ஸ் கையில் கொடுப்பதோடு சரி. ஒட்டுவது அம்மாக்கள்தான். உடம்பில் எங்கே ஒட்டினாலும் அது வேலை செய்யும் என்று பள்ளியில் படித்திருக்கிறாள்.

தப்பு என்று தெரிந்தது. பல்லின் வலி டாக்டருக்குப் பல்லில்தான் எழும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் ஒரு எண் கிடைக்கும். எண் கிடைத்தால் கதவு திறக்கும். உள்ளே போய்விட்டால் யாராவது ஒருத்தர் காலைப் பார்க்காமலா போவார்கள்? கிராம்பை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள்.

"பின்ன எப்படிம்மா இருக்கும்?" என்று மறுபடி கேட்டாள் மிளிர்.

"அப்பறம் சொல்றேன்."

ஆசுபத்திரிக் கூடத்தில் பெஞ்சு நிறையத் தாய்மார்கள். மடிகளிலும் தோள்களிலும் குழந்தைகள். சில முனகிக்கொண்டிருந்தன. ஆனால் பெரியவர்கள் ஒருவரும் பேசவில்லை. உன் பிள்ளைக்கு என்ன என்று பக்கத்தில் இருப்பவளை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லா ஆசுபத்திரிகளும் இப்போது இப்படித்தான். சொல்ல வேண்டியதைக் காப்பு சொல்லிவிடும்.

சிஸ்டர் வில்லையைக் கொடுத்தாள். "பிடரில ஒட்டுங்க. போறப்ப மறக்காம திருப்பிக் குடுத்தரோணும், சரிங்களா?"

தன்ஷிகா திரும்பி நின்று அதைத் தன் இடது மணிக்கட்டின் உள்பக்கம் ஒட்டினாள். துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். மிளிர் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அது எனக்கு..."

"உஷ்."

*

ரேணுகாதேவி ஐம்பதைத் தாண்டிய குள்ளமான பெண்மணி. கிராப்பு வெட்டிய நரைத்த தலை. மூக்குக் கண்ணாடி கயிற்றில் தொங்கியது. மணிக்கட்டில் காப்பு.

"வா கண்ணு. பேரென்ன?"

"மிளிர். எங்கம்மா எல்லா டாக்டரையும் காப்பு போடச் சொல்றாங்க. போட்டா எல்லாரும் தூங்கிர்றாங்க."

"நான் தூங்க மாட்டேன். டீ குடிக்கப் போறேன். உனக்கு ஆட்சேபணை உண்டா?"

"பிஸ்கட் இருந்தா இல்ல."

டாக்டர் சிரித்துக்கொண்டே மேசை இழுப்பிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி, அதிலேயே டீயை ஊற்றத் தொடங்கினார். காப்பில் பச்சைப் புள்ளி எரிந்தது.

தன்ஷிகா மகளை மடியில் இறுக்கிக்கொண்டு, சொத்தைப் பல்லை அழுந்தக் கடித்தாள்.

மண்டைக்குள் ஒரு கதவு அறைந்து சாத்தியது போலிருந்தது. கண்ணில் நீர் முட்டியது. டாக்டரைப் பார்த்தாள். டீ நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நூல் அசையவில்லை. இன்னொரு முறை, இன்னும் அழுத்திக் கடித்தாள். காதுக்குள் விண்ணென்றது. டாக்டர் மூடியை உதட்டுக்குக் கொண்டுபோய், ஆவி பறக்கிற டீயை ஒரு வாய் உறிஞ்சி, நிதானமாக விழுங்கினார்.

அந்தப் பல்லோடு சூடான டீயை யாராலும் குடிக்க முடியாது. கல்லானாலும் முடியாது.

வில்லை பழுதா? துப்பட்டா விளிம்பை நகர்த்தி ஓரக்கண்ணால் பார்த்தாள். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது.

"சரி" என்றார் டாக்டர். "என்ன ஆச்சுன்னு சொல்லு."

தன்ஷிகாவுக்குக் கேள்வி புரியவில்லை. "ஏனுங்க?"

"புள்ளைக்கு என்ன ஆச்சு? நீதானே பாத்துக்கறே? சொல்லு."

இத்தனை ஆசுபத்திரிகளில் யாரும் கேட்காத கேள்வி அது. "எனக்குச் சரியாச் சொல்லத் தெரியாதுங்க. நான் பாத்தது தப்பாக்கூட இருக்கும்."

"தப்பா இருந்தா இருக்கட்டும். எங்க இருந்து வேணும்னாலும் ஆரம்பி."

அவள் கழுத்திலிருந்து ஆரம்பித்தாள். கழுத்தில் வேனிலில் வேர்ப்பதே இல்லை என்று சொன்னாள். கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்க மாட்டாள் என்று சொன்னாள். நாக்கு, அடுப்பு, விரல் நுனிகள் எல்லாம் சொன்னாள். வீட்டில் ஒருவரிடமும் சொல்லாதது எல்லாம் வரிசையாக வந்தது. கணுக்காலுக்கு வந்தபோது அழுகையும் வந்துவிட்டது. டாக்டர் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்த பிறகு ஒன்று கேட்டார்.

"செருப்பு எந்தப் பக்கம் தேயுது?"

தன்ஷிகா குனிந்து மகளின் செருப்பைக் கழற்றித் திருப்பினாள். இடது செருப்பின் வெளி ஓரம் கத்தியால் சீவியதுபோல் சரிந்து போயிருந்தது. உடம்பு முழுக்கப் பார்த்தவள் செருப்பைப் பார்க்கவில்லை.

டாக்டர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். இரண்டு பாதங்களையும் இரண்டு கைகளில் ஏந்திக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தார். புறங்கையால் கணுக்காலைத் தொட்டார். பாதத்தை மெல்லத் திருப்பி, காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டார். மிளிர் பிஸ்கட்டை மென்றபடி, "உள்ள யாராச்சும் பேசறாங்களா?" என்றாள்.

"பேசுது சாமி. முட்டை ஓடு நொறுங்கற மாதிரி பேசுது." நிமிர்ந்து தன்ஷிகாவைப் பார்த்தார். "எலும்பு உடைஞ்சிருக்கு. உடைஞ்ச காலோடவே இவ ஓடியிருக்கா. உள்ள சீழ் பிடிச்சிருச்சுன்னு நெனைக்கறேன். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும்."

எழுந்து, சுவரில் இருந்த பதிவுக் கருவியின் பக்கம் திரும்பி, பழகிய குரலில் சொன்னார்: "இடது கணுக்கால். வலியெண் எட்டு."

கருவி ஒருமுறை ஒலித்தது. கோயம்புத்தூரில் படுக்கை, ஸ்கேன், ஆபரேஷன் நேரம், வண்டி, எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. எத்தனையோ கதவுகளில் நின்று கெஞ்சியது, மூச்சு விடுகிற நேரத்தில் நடந்து முடிந்தது.

தன்ஷிகா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான் உறைத்தது. எட்டு. அது யாருடைய எட்டு? மகளுக்குக் காலில் ஒன்றும் இல்லை. இவளுக்கு இருந்தது பல்லில்.

"கண்ணு, வெளிய சிஸ்டர்கிட்ட பாலு இருக்குது, கேட்டு வாங்கிக் குடி" என்றார் டாக்டர். மிளிரின் கால் அசையாமல் இருக்க ஒரு சிம்பை வைத்துக் கட்டி, சிஸ்டரை அழைத்து அவளைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார். கதவைச் சாத்தியதும், மேசை மேலிருந்த தாளை நேராக்கியபடி சொன்னார்: "அந்த வில்லைய உன்ற கையில இருந்து எடுத்துரு. சிஸ்டர் எண்ணி வாங்குவா."

தன்ஷிகா துப்பட்டாவை மணிக்கட்டின் மேல் இன்னும் இழுத்துக்கொண்டாள். "டாக்டர், நான் வேணும்னே..."

"வேணும்னேதான் பண்ணினே. போற வழியில அந்தப் பல்லையும் காட்டிரு."

"உங்களுக்கு அது... வலிச்சுதுங்களா?"

"உன்ற கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்குது. இந்தப் பக்கமாவே பேசறே. கிராம்பு வாசம் அடிக்குது. நான் டீ ஊத்தறப்ப உனக்குத் தாடை இறுகிக் கண்ணு கலங்குச்சு. இதெல்லாம் பாத்தேன்."

"நான் அதைக் கேக்கலீங்க."

டாக்டர் காப்பைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அது இருந்த இடத்தில் தோல் வெளுத்துக் கிடந்தது.

"இல்ல" என்றார். "வலிக்கல."

வெளியே மிளிர் சிஸ்டரிடம், பாலில் ஆடை இருந்தால் வேண்டாம் என்று தகராறு செய்வது கேட்டது.

"தீக்காய வார்டுல இருந்தேன். எல்லாம் குழந்தைங்க. தினமும் போட்டுப் பாக்கோணும். ஒரு நாள் காலையில போட்டேன், ஒண்ணும் வரல. ரிப்பேர்னு நெனச்சு வேற வேற காப்பா மாத்திப் போட்டேன். காப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துது."

"யாருக்கும் தெரியாதுங்களா?"

"இப்ப உனக்குத் தெரியும்."

தன்ஷிகா வில்லையை உரித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பச்சைப் புள்ளி அணைந்தது. "அப்பறம் எப்படிங்க டாக்டர், எண் சொல்றீங்க?"

"தொட்டுப் பாத்து, கேட்டுச் சொல்றேன். ஆனா யாரும் எதுவும் சொல்றதில்ல கண்ணு. வந்து உக்காந்து என்ற மூஞ்சியவே பாக்கறாங்க. கேட்டா, 'அதான் உங்களுக்கே தெரியுமே டாக்டர்'ங்கறாங்க. நேத்து ஒரு பையன். அவன் அம்மா ஒரு வார்த்தை பேசல. நாலுன்னு சொல்லி அனுப்பிட்டேன்." டாக்டர் ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாலுதானான்னு எனக்குத் தெரியாது. இன்னும் மனசுல அதேதான் ஓடிட்டிருக்குது. கூப்பிட்டு மறுபடி பாக்கலாமான்னு."

துண்டைப் பிரித்து மறுபடி கழுத்திலிருந்து தொடங்குகிற தன் மாலைப்பொழுதுகள் தன்ஷிகாவுக்கு நினைவு வந்தன. உலகத்தில் இன்னொரு ஆளும் அப்படி இருக்கிறாள் என்பது ஆறுதலா பயமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

"கூப்பிட்டுப் பாருங்க டாக்டர்" என்றாள்.

*

வண்டி வர நேரம் இருந்தது. வராந்தாவில் நின்று கவின்ராஜுக்குப் போன் செய்தாள்.

"எட்டாமுங்க மாமா. எலும்பு உடைஞ்சிருக்குது. ஆபரேஷனுக்கு எழுதிட்டாங்க."

மறுமுனையில் காற்றுக்கு நடுவே அவன் குரல் உடைந்து வந்தது. "எட்டா? எட்டு வலிச்சுதா புள்ளைக்கு? அன்னிக்கு நான் அவளத் தோள்ல ஏத்திக் குதிக்க வெச்சனே, தன்ஷி. அப்பவும் வலிச்சிருக்கும்ல? இத்தனையும் தாங்கிட்டுச் சிரிச்சிருக்குதே அது!"

இல்லை மாமா, அவளுக்கு ஒன்றும் வலிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படியானால் எட்டு எங்கிருந்து வந்தது? அதைச் சொன்னால் கதவுக்கு உள்ளே இருக்கிற டாக்டரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லாத வலிக்காக அவன் இனி ஆயுசுக்கும் அழுவான். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

"ஆமாங்க மாமா" என்றாள். "நீங்க நேரா கோயம்புத்தூர் வந்துருங்க."

கூடத்தில் மிளிர் கட்டிய காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதட்டுக்கு மேல் பால் மீசை. அவளருகில் ஒரு பெண், மடியில் தலைசாய்த்துப் படுத்திருந்த மகனின் முதுகைத் தடவியபடி இருந்தாள். கண்கள் கதவின் மேல். தன்ஷிகாவைப் பார்த்ததும், கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, இந்த டாக்டர் எப்படி? நல்லா உணருவாங்களா?"

தன்ஷிகா அவளுக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். நாக்கு தானாகப் போய்ப் பல்லைத் தொட்டுவிட்டு வந்தது.

"உள்ள போனா எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணையும் விடாம."

"சொல்றதுக்கென்ன இருக்குதுங்க? அதான் காப்பு போடுவாங்களே."

"போடுவாங்க. இருந்தாலும் சொல்லுங்க."

அந்தப் பெண் புரியாமல் பார்த்தாள். கதவு இன்னும் திறக்கவில்லை. வண்டியும் வரவில்லை. தன்ஷிகா அந்தப் பையனின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"மொதல்ல எங்கிட்டச் சொல்லிப் பாருங்க. தம்பிக்கு என்ன ஆச்சு?"

அவள் மகனின் முதுகைத் தடவுவதை நிறுத்தினாள். பெஞ்சில் இருந்த இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். "யாரும் இப்படிக் கேட்டதில்லீங்க..." என்றாள் வெட்கத்தோடு. "எங்க இருந்து சொல்றதுன்னே தெரியலீங்க்கா."

"கழுத்துல இருந்து ஆரம்பிங்க" என்றாள் தன்ஷிகா.